திண்டுக்கல் மக்களவைத் தொகுதி: வாக்களிக்கும் முறையில் மாற்றங்கள்

திண்டுக்கல் மக்களவைத் தொகுதி தமிழ்நாட்டின் 39 தொகுதிகளுள் ஒன்று. பழனி, ஒட்டன்சத்திரம், ஆத்தூர், நிலக்கோட்டை (தனி), நத்தம், திண்டுக்கல் ஆகிய 6 சட்டமன்றத் தொகுதிகள் இதில் அடங்கும். முதல் பொதுத்தேர்தலிலிருந்தே இத்தொகுதி இருப்பதால், இந்தியாவில் ஓட்டுப் போடும் முறை மாறிவந்த கதையை இந்த ஒரு தொகுதியை வைத்தே சொல்லலாம்.

1952இல் இங்கு வென்றவர் அரசியல் நிர்ணய சபை உறுப்பினராக இருந்த அம்மு சுவாமிநாதன் (காங்கிரஸ்). அன்றைய ஓட்டுச்சீட்டில் வேட்பாளர் பெயரும் கிடையாது, சின்னமும் கிடையாது. வேட்பாளருக்கு ஒரு பெட்டி. பெட்டியின் மேல் சின்னம். வாக்காளர் மறைப்புக்குள் போய், தமக்கு வேண்டிய பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வருவார். எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கானோரை நம்பி வயதுவந்த அனைவருக்கும் ஓட்டுரிமை தந்த நாட்டில், அந்த நம்பிக்கையைச் சுமந்தது சின்னம்தான். 1962 பொதுத்தேர்தலில் எல்லாப் பெயர்களும் சின்னங்களும் ஒரே சீட்டில் அச்சாகி, முத்திரை குத்தும் முறை வந்தது. அந்த ஆண்டு காந்திகிராமத்தை உருவாக்கிய டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன் இங்கிருந்து மக்களவைக்குச் சென்றார்.

தொகுதியின் பெயரை நாடறியச் செய்தது 1973 இடைத்தேர்தல். தி.மு.க. உறுப்பினர் எம். ராஜாங்கம் மறைந்ததால் மே 20 அன்று அது நடந்தது. எம்.ஜி.ஆர். அ.தி.மு.க.வைத் தொடங்கி அப்போது ஏழு மாதமே ஆகியிருந்தது. கட்சிக்கென்று சின்னம் இல்லாததால், வேட்பாளர் கே. மாயத்தேவர் சுயேச்சைச் சின்னங்களின் பட்டியலிலிருந்து இரட்டை இலையைத் தேர்ந்தெடுத்தார். சுவரில் வரைய இரண்டு இலை, மேடையில் காட்ட இரண்டு விரல். கிராமத்துப் பிரச்சாரத்துக்கு இதைவிட எளிதான சின்னம் அமைவது அரிது. சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் அவர் வென்றார். காமராஜரின் பழைய காங்கிரஸ் இரண்டாமிடம் பெற, மாநிலத்தை ஆண்ட தி.மு.க. மூன்றாமிடத்துக்குப் போனது.

வாக்களிக்கும் வயது 1989இல் 21இலிருந்து 18 ஆனது. 2004இல் நாடு முழுவதும் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் வந்தது. முத்திரை மை பரவியோ இரு சின்னங்களுக்கு நடுவே குத்தியோ ஓட்டு செல்லாமல் போவது அதோடு நின்றது. 2014 மக்களவைத் தேர்தலில் நோட்டா (யாருக்கும் வாக்கில்லை) பொத்தானும் சேர்ந்தது. ஆனால், போட்ட ஓட்டைக் கண்ணால் பார்க்க முடியவில்லையே என்ற கேள்வி எழுந்தது. அது நியாயமான கேள்வி. அதற்கு விடையாக 2019இல் எல்லா வாக்குச்சாவடிகளிலும் விவிபாட் கருவி வைக்கப்பட்டது. பொத்தானை அழுத்தியதும் வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம் அச்சான சீட்டு கண்ணாடிக்குள் 7 விநாடி தெரியும்; பிறகு அறுந்து உள்ளே விழும்.

2024 ஏப்ரல் 19இல் நடந்த தேர்தலில் ஆர். சச்சிதானந்தம் (மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட்) 4.4 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். சட்டமன்றத் தொகுதிக்கு 5 விவிபாட் வீதம் சீட்டுகளை எண்ணிச் சரிபார்க்க வேண்டும் என்பது 2019இல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு. திண்டுக்கல் தொகுதிக்கு அது 30 கருவிகள். எந்த வாக்குச்சாவடிகளின் கருவிகள் என்பது குலுக்கலில் முடிவாகும்.