ஒரு கதிரும் நூறாண்டுக் கேள்வியும்

1918ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்தைச் சேர்ந்த ஹீபர் கர்ட்டிஸ் ஒரு நீண்ட பட்டியலை வெளியிட்டார். அதில் எம்87 என்னும் ஒளித்திட்டின் நடுவிலிருந்து விசித்திரமான நேர்கோட்டுக் கதிரொன்று புறப்படுவதாக ஒரு வரியில் குறித்துவிட்டு நகர்ந்துவிட்டார். நம் பால்வெளிக்கு அப்பாலும் விண்மீன் மண்டலங்கள் உண்டா என்பதே அன்று தீராத வழக்கு. அந்தக் கதிர் எதுவென்று யார் சொல்ல முடியும்?

இன்று நாம் அதைத் தாரை என்கிறோம். மண்டலத்தின் மையத்திலுள்ள மாபெரும் கருந்துளையின் அருகிலிருந்து ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் பாயும் துகள்களின் ஓடை அது. காந்தப்புலத்தைச் சுற்றிச் சுழலும் எலெக்ட்ரான்களே அதன் ஒளிக்குக் காரணம் என்று 1950களில் ரஷ்ய அறிஞர் ஷ்க்லோவ்ஸ்கி கருதினார். அப்படியானால் அவ்வொளி எல்லாத் திசையிலும் சமமாக அதிராமல் ஒரு திசையில் மிகுதியாக அதிர வேண்டும். இதுவே தளவிளைவு. 1956இல் வால்டர் பாடே எம்87இன் தாரையில் அதனை அளந்து காட்டினார்.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சியது. அந்த எலெக்ட்ரான்களுக்கு அத்தனை ஆற்றலை ஊட்டுவது எது? எக்ஸ் கதிர் உமிழும் எலெக்ட்ரான்கள் தம் ஆற்றலை மிக விரைவில் இழப்பவை. பிறந்த இடத்தை விட்டுத் தொலைவு செல்லாதவை. ஆகவே அவற்றின் ஒளியே நேர்சாட்சி. அதன் தளவிளைவை அளப்பதோ அரிதினும் அரிது.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ராபர்ட் நோவிக் குழுவினர் 1971இல் ராக்கெட் ஒன்றை ஏவி, நண்டு நெபுலாவின் எக்ஸ் கதிர்களில் தளவிளைவைக் கண்டனர். 1975இல் ஏவப்பட்ட ஓ.எஸ்.ஓ-8 செயற்கைக்கோள் அதை உறுதிசெய்தது. அதன்பின் நெடுங்காத்திருப்பு. சோவியத் விண்கலம் ஒன்றுக்காக உருவாக்கப்பட்ட அளவி, அந்நாடே சிதறிப்போனதால் விண்ணேறவேயில்லை. 1971 குழுவில் இளைஞராயிருந்த மார்ட்டின் வைஸ்கோப், 2021 டிசம்பர் 9 அன்று நாசாவும் இத்தாலிய விண்வெளி நிறுவனமும் ஐ.எக்ஸ்.பி.இ. தொலைநோக்கியை ஏவியபோது அதன் முதன்மை ஆய்வாளர். இடையே கழிந்தவை ஐம்பது ஆண்டுகள்!

அதன் உத்தி எளிது. எக்ஸ் கதிர் ஒன்று வாயு நிரம்பிய அறையில் ஓர் எலெக்ட்ரானைத் தட்டியெழுப்பும். அது பெரும்பாலும் கதிர் அதிரும் திசையை ஒட்டியே ஓடும். பல்லாயிரம் தடங்களைச் சேர்த்துப் பார்த்தால் திசை புலப்படும்.

2022 மார்ச்சில், நம்மை நோக்கியே தாரை வீசும் மார்க்கேரியன் 501 மண்டலம் அளக்கப்பட்டது. எக்ஸ் கதிரின் தளவிளைவு சுமார் 10 சதவீதம். கண்ணுறு ஒளியில் அதில் பாதியே. அதிர்வின் திசையோ தாரையின் போக்கோடு ஒன்றியிருந்தது. தாரைக்குள் எழும் அதிர்ச்சி அலையின் முகப்பில் எலெக்ட்ரான்கள் ஆற்றல் பெறுகின்றன, பின்னர் விலகிச் சென்று சீரற்ற காந்தப்புலத்தில் கலக்கின்றன என்ற விளக்கத்திற்கு இது பொருந்தியது.

வழக்கு முடிந்தது என எண்ணிவிட வேண்டாம். அதே ஆண்டு ஜூனில் மார்க்கேரியன் 421இன் எக்ஸ் கதிர்த் திசை ஐந்தே நாளில் முழுவட்டத்திற்கும் மேலாகச் சுழன்றது. கண்ணுறு ஒளியில் அச்சுழற்சி இல்லை. சுருள்வடிவக் காந்தப்புலத்தின் வழியே அதிர்ச்சி அலை செல்கிறது போலும் என்றனர் ஆய்வாளர்.

கர்ட்டிஸ் ஒரு வரியில் எழுதிச்சென்ற வியப்புக்கு நூறாண்டு கடந்து உரை எழுதப்படுகிறது. விண்ணேறாத கருவியைச் செய்தவர்களின் உழைப்பும் அவ்வுரையில் அடக்கம் என்பதை நாம் மறக்கலாகாது.