கதவு வைக்காத பள்ளிக்கூடம்

ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால் சபர்மதி ஆசிரமம், அடாலஜ் படிக்கிணறு இரண்டையும் காட்டிவிட்டு, மூன்றாவதாக நவரங்புராவில் உள்ள கட்டடக்கலைப் பள்ளிக்கு அழைத்துப் போவது என் வழக்கம். "வெறும் செங்கல் சுவரைப் பாக்கவா இந்த வெயில்ல கூட்டிட்டு வந்தீங்க மாமா?" என்று கேட்காதவர்கள் குறைவு. மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டதும் அந்தக் கேள்விதான் நினைவுக்கு வந்தது. அந்தச் சுவருக்கு ஒரு வரலாறு உண்டு.

முதலில் ஸ்டூடியோ என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். மற்றப் படிப்புகளில் ஆசிரியர் பேசுவார், பிள்ளைகள் குறிப்பெடுப்பார்கள். பெஞ்சும் கரும்பலகையும் போதும். வடிவமைப்பு படிக்கிற பிள்ளைக்கு அது போதாது. காலையில் வரைபடம் போடணும். மத்தியானம் அட்டையை வெட்டி மாடல் செய்யணும். சாயங்காலம் எல்லாத்தையும் சுவரில் குத்தி வைத்து, ஆசிரியர்கள் முன்னால் நின்று பதில் சொல்லணும். இதை 'ஜூரி' என்பார்கள். வேலை முடியலைன்னா ராத்திரியும் அங்கேயேதான். ஆக, ஒரே இடம் நாலு இடமாக மாறியாக வேண்டும்.

இதற்கு இருபதாம் நூற்றாண்டு பல விடைகளைக் கண்டது. ஜெர்மனியின் டெஸ்ஸாவ் நகரில் 1926-ல் திறக்கப்பட்ட பவ்ஹவுஸ் பள்ளியில், பட்டறைப் பகுதியின் வெளிச்சுவரையே கண்ணாடியாக்கினார் வால்டர் குரோப்பியஸ். சிகாகோவில் 1956-ல் மீஸ் வான் டெர் ரோ கட்டி முடித்த கிரௌன் ஹால் இன்னும் ஒரு படி மேலே போனது. 220 அடி நீளம், 120 அடி அகலம். பிரதான கூடத்தின் நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. நான்கு பெரிய எஃகு உத்தரங்களிலிருந்து கூரை தொங்குகிறது. உள்ளே எதை எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் நம்ம அகமதாபாத்தில் அப்படி ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்தால் பிள்ளைகள் வெந்துதான் போவார்கள்.

இங்கே கிடைத்த விடை வேறு. பாலகிருஷ்ண தோஷி 1927-ல் புணேயில் பிறந்தவர். பாரிஸில் லெ கார்பூசியேவிடம் வேலை பழகி, அவருடைய அகமதாபாத் கட்டடங்களை மேற்பார்க்க 1954-ல் இந்தியா திரும்பினார். ஆலை அதிபர் கஸ்தூர்பாய் லால்பாயின் ஆதரவோடு 1962-ல் கட்டடக்கலைப் பள்ளியைத் தொடங்கினார். பள்ளியின் சொந்தக் கட்டடம் 1966-லிருந்து 1968-க்குள் எழுந்தது.

அதில் ஆடம்பரம் எதுவும் இல்லை. பூச்சில்லாத செங்கல் சுவர்கள் இணையாக நிற்கின்றன. அவற்றின் மேல் கான்கிரீட் தளங்கள். ஸ்டூடியோக்கள் இரண்டு மாடி உயரம். வெளிச்சம் வடக்கிலிருந்து இறங்குகிறது. வடக்கு வெளிச்சத்தில் கண் கூசாது, காகிதத்தில் சுள்ளென்று வெயில் விழாது; டிராயிங் போர்டில் குனிந்து வேலை பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். கட்டடத்துக்கு அடியில் காற்றோடும் திறந்த வெளி. அங்கே கூட்டமும் நடக்கும், கண்காட்சியும் நடக்கும், அரட்டையும் நடக்கும். கதவுகள் இல்லாத இடம் என்றே தோஷி இதைச் சொல்லி வந்தார்.

நான் 1981-ல் நாகர்கோவிலிலிருந்து வந்து இங்கே ஓர் அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேனாகச் சேர்ந்தவன். பின்னாளில் வேறொரு ஊரில், ஒரு வடிவமைப்புக் கல்லூரியில் சில வருஷம் வரைபடம் சொல்லிக்கொடுத்தேன். அங்கே மாற்றியமைக்கக்கூடிய ஸ்டூடியோ என்று சக்கரம் வைத்த மேஜைகளும் மடக்குத் தட்டிகளும் வாங்கிப் போட்டார்கள். இரண்டு வருஷத்தில் ஒரு மேஜைகூட இடம் மாறவில்லை. பிள்ளைகள் நகர்த்தினால் பியூன் வந்து பழையபடி வரிசையில் வைத்துவிடுவார். சாயங்காலம் ஐந்தரைக்குப் பூட்டு. ஒருநாள் பாதி முடிந்த மாடலை பஸ்ஸில் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள் ஒரு பெண். கூட்டத்தில் அது நசுங்கிவிட்டது. மறுநாள் ஜூரி முன்னால் வெறுங்கையோடு நின்றாள். மதிப்பெண் குறைத்தவர்களில் நானும் ஒருவன். அந்தப் பூட்டைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசலை.

அதற்குப் பிறகு நவரங்புராவுக்குப் போனபோதுதான் அந்தச் செங்கல் சுவர் எனக்கு விளங்கியது. அங்கே சுவர் நகராது. எல்லாருக்கும் எப்போதும் வேண்டிய வெளிச்சம், காற்று, உயரம் ஆகியவற்றைக் கட்டடம் நிலையாகக் கொடுத்துவிட்டது. மீதியைப் பிள்ளைகள் கையில் விட்டுவிட்டது. இடம் மாறணும் என்றால், மாற்றுகிற உரிமை அதில் உட்காருகிறவர்களுக்கு இருக்கணும். சக்கரம் அப்புறம்தான்.

காலமும் இதைச் சோதித்துப் பார்த்தது. 1972-ல் நகரத் திட்டமிடல் பள்ளி சேர்ந்தது. 2005-ல் பல்கலைக்கழகம் ஆனது. டிராயிங் போர்டு இருந்த இடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கட்டட வளாகம் பெரிதானதே தவிர, பழைய ஸ்டூடியோவை இடிக்க வேண்டிய தேவை வரவில்லை. தோஷிக்கு 2018-ல் பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது; அதைப் பெற்ற முதல் இந்தியர் அவர். 2023 ஜனவரியில், 95 வயதில் காலமானார்.

நம் சங்கக் கூடத்தை நாலு அறையாகத் தடுத்து, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு பெஞ்சுகளைத் தரையோடு பொருத்தலாம் என்று போன பொதுக்குழுவில் பேச்சு வந்தது. நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் அதே கூடத்தில்தான் பிள்ளைகள் நாடக ஒத்திகை பார்க்கிறார்கள், பொங்கலுக்குக் கோலம் போடுகிறோம், பெரியவர்கள் பாய் விரித்துப் பேசுகிறோம். முதலில் வடக்கு ஜன்னலைப் பெரிசாக்குவோம். சாவி ஒன்றை வகுப்பு எடுக்கும் ஆசிரியைகளிடம் கொடுத்து வைப்போம். தடுப்பு வேண்டுமா என்று ஒரு வருஷம் கழித்து அந்தப் பிள்ளைகளையே கேட்போம். இந்த முறையாவது சொல்லிவிடணும் என்றுதான் எழுதினேன்.