வெள்ளத்தில் உடைந்து மீண்டும் எழுந்த நெல்லை ஆத்துப்பாலம்
சொந்தப் பணத்தில் கட்டிய சிரஸ்தார்

நெல்லை, பாளையங்கோட்டை இரண்டையும் இணைப்பது தாமிரபரணி மீதுள்ள சுலோச்சன முதலியார் பாலம். ஊர்க்காரர்களுக்கு ஆத்துப்பாலம். வண்ணார்பேட்டையில் இருந்து ஜங்ஷன் போகிற எல்லோரும் இதில் ஏறி இறங்கியவர்கள்தான். ஆனால் முதலியார் யார் என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள்.

180 வருஷத்துக்கு முன்னால் இங்கே பாலம் கிடையாது. படகுதான். ஆற்றில் தண்ணீர் பெருகினால் அக்கரைக்காரன் அக்கரை, இக்கரைக்காரன் இக்கரை. அவசரத்துக்கு வைத்தியரைக்கூட கூட்டி வர முடியாது.

பாலம் கட்ட கலெக்டர் தாம்சன் முடிவு செய்தார். செலவு சுமார் அரை லட்சம் ரூபாய். அந்தக் காலத்தில் அது மலை மாதிரி தொகை. ஜனங்களிடம் வசூலிப்பதா, சுங்கம் போடுவதா என்று பேச்சு ஓடியது. அப்போது கலெக்டர் ஆபீசில் சிரஸ்தாராக இருந்த சுலோச்சன முதலியார், முழுச் செலவையும் தானே ஏற்பதாகச் சொல்லி எல்லோரையும் அசர வைத்தார். மனைவி நகைகளைக் கழற்றிக் கொடுத்ததாகவும் ஊரில் சொல்வார்கள்.

ஹார்ஸ்லி என்ற என்ஜினீயர் வரைபடம் போட்டார். லண்டன் வாட்டர்லூ பாலம்தான் மாதிரி. 11 வளைவுகள், சுமார் 760 அடி நீளம். 1843-ல் திறக்கப்பட்டது.

26 வருஷம் நிம்மதி. 1869-ல் வந்த பெருவெள்ளம் பாலத்தின் ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போனது. பாலத்தை நம்பியே பழகிவிட்ட இரண்டு ஊருக்கும் பழைய கஷ்டம் திரும்பியது. நல்லவேளை, அப்படியே விட்டுவிடவில்லை. உடைந்த பகுதி திரும்பக் கட்டப்பட்டு 1871-ல் மறுபடி போக்குவரத்து தொடங்கியது.

மாட்டு வண்டிக்குக் கட்டிய பாலத்தில் பஸ்சும் லாரியும் முட்டிக்கொள்ள ஆரம்பித்ததும், 1967-ல் அகலப்படுத்தினார்கள். பழைய பாலத்தை இடிக்காமல், அதை ஒட்டியே கட்டியதுதான் புத்திசாலித்தனம். ஆற்றுக்குள் இறங்கி அண்ணாந்து பார்த்தால் பழைய வளைவுகள் தெரியும்.

1992 நவம்பர் வெள்ளத்தையும், கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசைத் தண்ணீர் சூழ்ந்த 2023 டிசம்பர் வெள்ளத்தையும் பாலம் தாங்கி நின்றது. மாதிரியாக இருந்த லண்டன் பாலத்தை 1930-களிலேயே இடித்துவிட்டு வேறு கட்டிவிட்டார்கள்.

நெரிசலைக் குறைக்க இப்போது பக்கத்திலேயே இன்னொரு பாலமும் வந்துவிட்டது. அதையும் ஜனங்கள் ஆத்துப்பாலம் என்றுதான் சொல்கிறார்கள்.