துருவைத் தடுக்கும் துத்தநாகம்: கப்பலிலிருந்து டிராக்டர் வரை

டிராக்டரின் மட்கார்டிலோ காரின் அடிப்பாகத்திலோ துரு ஏறும்போது இரண்டு யோசனைகள் காதில் விழுவதுண்டு. ஒரு துத்தநாகக் கட்டியைத் திருகி வைத்தால் போதும் என்பது ஒன்று. பேட்டரியுடன் இணைக்கும் சிறு மின்பெட்டி துருவை நிறுத்திவிடும் என்பது மற்றொன்று. இவை வெறும் கட்டுக்கதைகள் அல்ல. கடலில் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே மெய்ப்பிக்கப்பட்ட உண்மைதான் இவற்றின் அடிப்படை. ஆனால் அந்த உண்மை நிலத்தில் ஓடும் வண்டிக்கு அப்படியே பொருந்துவதில்லை.

மரக்கப்பல் காலத்தில் அடிப்பலகையைக் கப்பல்புழு துளைத்துத் தின்றது. அதைத் தடுக்க பிரித்தானியக் கடற்படை 1761-இல் 'அலார்ம்' என்ற போர்க்கப்பலின் அடிப்பாகத்தைச் செப்புத் தகட்டால் போர்த்தியது. மேற்கிந்தியத் தீவுகளில் பணியாற்றிய அக்கப்பலை 1763-இல் ஆராய்ந்தார்கள். செம்பு நன்றாகவே இருந்தது. தகட்டைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகளோ பல இடங்களில் அரித்துப்போயிருந்தன. ஆணிக்கும் செம்புக்கும் நடுவே பழுப்புத் தாள் சிக்கியிருந்த இடங்களில் மட்டும் ஆணிகள் கெடவில்லை. இதற்கான காரணம் அன்று யாருக்கும் விளங்கவில்லை. வோல்டாவின் மின்கலமே 1800-இல்தான் வந்தது.

இரு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டபடி உப்பு நீரில் இருந்தால் அது ஒரு மின்கலம் ஆகிறது. எளிதில் எலக்ட்ரானை இழக்கும் உலோகம் கரைகிறது, மற்றது காக்கப்படுகிறது. செம்போடு சேர்ந்த இரும்பு தான் கரைந்து செம்பைக் காக்கும். துத்தநாகத்தோடு சேர்ந்த இரும்போ, துத்தநாகம் கரைவதால் தான் பிழைத்துக்கொள்ளும். அலார்ம் கப்பலில் யாரும் விரும்பாமலே ஆணிகள் பலியாயின.

இதை வேண்டுமென்றே செய்து பார்த்தவர் ஹம்ப்ரி டேவி. சோடியத்தையும் பொட்டாசியத்தையும் மின்னாற்பகுப்பால் பிரித்தெடுத்த அவர் அப்போது ராயல் சொசைட்டியின் தலைவர். கப்பலின் செப்புத் தகடு கடல்நீரில் அரிப்பதைத் தடுக்க வழி உண்டா என்று கடற்படை கேட்டது. செம்பின் பரப்பில் 40-இல் ஒரு பங்கு முதல் 150-இல் ஒரு பங்கு வரை துத்தநாகமோ வார்ப்பிரும்போ பொருத்தினால் அரிப்பு நின்றுவிடும் என்று 1824-இல் டேவி காட்டினார். கொச்சியில் கட்டப்பட்ட 'சமராங்' கப்பலும் இச்சோதனைக்கு உள்ளானது. அது இரும்புக் காப்புக் கட்டிகளுடன் நோவா ஸ்கோஷியாவுக்குப் போய்வந்தது.

வேதியியலில் பிழையே இல்லை. ஆனால் வேறு பல கப்பல்களின் அடியில் கொட்டலசும் பாசியும் அடர்ந்து வேகம் குறைந்தது. கரையும் செம்பு கடலுயிர்களுக்கு நஞ்சு. கப்பலைச் சுத்தமாக வைத்திருந்ததே அந்தக் கரைவுதான். செம்பைக் காத்ததும் நஞ்சு நின்றுபோயிற்று! கடலோடும் கப்பல்களிலிருந்து காப்புக் கட்டிகளை அகற்றும்படி 1825-இல் உத்தரவு வந்தது. 1828-இல் திட்டமே கைவிடப்பட்டது. மறு ஆண்டு டேவி இறந்தார். அவர் தோற்றுவிட்டார் என்று எழுதுவது நியாயமன்று. அவர் கண்ட வழி சரியானது. பொருத்திய உலோகம்தான் செம்பாகப் போயிற்று. பின்னாளில் எஃகுக் கப்பல்கள் வந்தபோது அதே துத்தநாகக் கட்டிகள் அவற்றின் அடியில் இடம்பிடித்தன. இன்றும் அவை கரைந்து, மாற்றப்பட்டு வருகின்றன.

நிலத்தில் இந்த அறிவு இரண்டு வழிகளில் பயன்பட்டது. பிரான்சில் ஸ்தானிஸ்லாஸ் சோரல் 1837-இல் இரும்பை உருகிய துத்தநாகத்தில் தோய்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நாம் ஜி.ஐ. தகடு என்று வாங்குவது இதன் வழிவந்ததுதான். இன்னொன்று, வெளியிலிருந்து மின்சாரம் செலுத்தும் முறை. நியூ ஆர்லியன்சில் ராபர்ட் கூன் 1928-இல் மண்ணுக்குள் புதைந்த எரிவாயுக் குழாயை இவ்வாறு காத்தார். ஈரமண் அங்கே கடல்நீரின் வேலையைச் செய்தது.

வண்டியில் இல்லாதது அதுதான். உலோகக் கட்டியும் காக்கப்பட வேண்டிய இடமும் ஒரே நீரில் அல்லது ஈரமண்ணில் மூழ்கியிருந்தால்தான் மின்சுற்று முழுமையாகும். டிராக்டரைச் சுற்றி இருப்பது காற்று. மழைத்துளியும் ஒட்டிய சேறும் ஆங்காங்கே தனித்தனியாகக் கிடக்கின்றன. ஓரிடத்தில் திருகிய துத்தநாகக் கட்டி தன்னைச் சுற்றிய ஈரத்தில் சிறு தொலைவைத்தான் காக்கும்; மறுபக்கத்துக் கதவின் அடிவிளிம்புக்கு அதனால் பயனில்லை. மின்பெட்டிக்கும் இதே கதிதான். கார்களுக்கான இத்தகைய மின்னணுக் கருவி ஒன்றை விற்றவர்கள்மீது 1990-களில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. வீட்டுக் கீசர் தொட்டிக்குள் இருக்கும் மெக்னீசியத் தண்டு வேலை செய்கிறதே என்றால், அது எப்போதும் நீருக்குள் இருக்கிறது.

ஆகவே வண்டிக்கு ஏற்றது கட்டியன்று, பூச்சு. துத்தநாகம் உடல் முழுவதும் பரவியிருந்தால் எங்கே கீறல் விழுந்தாலும் அங்கே பக்கத்திலேயே துத்தநாகம் இருக்கும்; ஒரு துளி நீரே மின்சுற்றுக்குப் போதும். போர்ஷே நிறுவனம் 1970-களின் நடுவிலும், ஆடி நிறுவனம் 1980-களின் நடுவிலும் துத்தநாகம் பூசிய எஃகில் கார் உடலைச் செய்யத் தொடங்கின. பழைய டிராக்டர்களில் பெரும்பாலும் பெயிண்ட் மட்டுமே இருக்கும். சேறு தங்கும் மடிப்புகளைக் கழுவி உலர்த்துவதும், கீறலில் துத்தநாகத்தூள் கலந்த பிரைமரைத் தடவுவதும்தான் அவற்றுக்கு வழி. யூரியாவோ பொட்டாஷோ ஏற்றிய நாளில் கழுவுவதைத் தள்ளிப்போடக் கூடாது. ஈரத்தில் கரைந்த உரம் துருவை விரைவுபடுத்தும்.