கல்லாவுக்குக் கீழிருந்து கோர்ட் வரை

கடை வாசலில் கேமரா மாட்டியவர்களில் பலர், பதிவு என்றைக்கும் பத்திரமாக இருக்கும் என்று நம்புகிறார்கள். கணக்கு வேறு. ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் வீதம் பதிந்தால் நாளொன்றுக்கு 21.6 ஜிபி. எட்டு கேமரா, 1 டிபி ஹார்டு டிஸ்க் என்றால் கல்லாவுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் டிவிஆர் என்ற பதிவுப் பெட்டி ஆறாம் நாளே நிரம்பிவிடும். அப்புறம் பழையதன் மேலேயே புதியது ஏறும். திருட்டுப் போனதே தெரியாமல் ஒரு வாரம் ஓடிவிட்டால் அந்தப் பதிவின் கதை அதோடு முடிந்தது.

இது இயந்திரத்தின் இயல்பு. மனிதர்கள் செய்வது தனி. 2020 ஜூனில் காவல் மரணம் பற்றிச் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குப் போய் விசாரித்த கோவில்பட்டி மாஜிஸ்திரேட், 1 டிபி அளவுக்கு இடமிருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி செட்டிங் இருந்ததாக உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு அறிக்கை கொடுத்தார். அதே ஆண்டு டிசம்பரில், பரம்வீர் சிங் சைனி வழக்கில், காவல் நிலையப் பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அதற்கு வழியில்லாத இடத்திலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம்.

சரி, ஆறு நாளுக்குள் போலீஸ் கடைக்கு வந்து "ஃபுட்டேஜ் எடுத்துக் குடுங்க" என்று கேட்டுவிட்டார்கள். பேக்கப் மெனுவில் கேமரா எண், தொடங்கும் நேரம், முடியும் நேரம் கொடுத்தால் பதிவு பென் டிரைவில் இறங்கும். வேலை சுலபம். ஆனால் இணையத்தோடு சேராத டிவிஆரில் கடிகாரம் முந்துவதும் பிந்துவதும் சகஜம். திரையில் 2.10 என்றிருக்கும்போது ஊரில் 2.25 ஆகியிருக்கும். விவரம் தெரிந்தவர், சரியான நேரம் காட்டும் கைப்பேசியை டிவிஆர் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டும் தெரியும்படி ஒரு போட்டோ எடுத்துவிட்டுத்தான் மவுஸைத் தொடுவார். முதலில் கடிகாரத்தைத் திருத்தி வைக்கும் 'உதவி' ஆபத்தானது. எவ்வளவு பிந்தியிருந்தது என்பது பிறகு யாருக்கும் தெரியாது.

டாகுவா நிறுவனத்தின் டிவிஆர் பெட்டிகள் '.டிஏவி' என்ற தங்கள் சொந்த வடிவில் ஃபைல் தரும். அதற்கான பிளேயர் இல்லாத கணினியில் ஓடாமல் அடம்பிடிக்கும். இந்த இடத்தில்தான் எடிட்டிங் மென்பொருள் உள்ளே வருகிறது. எம்பி4 ஆக மாற்றும், வேண்டாத மணிநேரத்தை வெட்டும், முகத்தைச் சுற்றி வட்டம் போடும், எல்லாவற்றையும் டிவிடியில் எழுதியும் தரும். பார்ப்பவருக்கு நல்ல வசதி. பதிவுக்கு அவ்வளவு நல்லதில்லை. மாற்றும்போது படம் இன்னொரு முறை சுருக்கப்படுகிறது. அரைகுறையாகத் தெரிந்த நம்பர் பிளேட் சுத்தமாகக் கரைந்துபோகலாம். நேரம் படத்தோடு பதியாமல் தனித் தகவலாக இருந்தால் அதுவும் உதிர்ந்துவிடலாம். வெட்டிய பிரதி இருக்கட்டும், வெட்டாத மூல ஃபைலும் அதோடு சேர்ந்தே போக வேண்டும் என்பது என் கட்சி.

அடுத்து வட்டு. 4.7 ஜிபி டிவிடியில் அதே 2 மெகாபிட் பதிவு சுமார் ஐந்து மணி நேரம் கொள்ளும். லேசர், வட்டுக்குள் இருக்கும் சாயப் படலத்தைச் சுட்டு எழுதுகிறது. எழுதி முடித்த வட்டின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்தால், நடுவிலிருந்து எழுதிய தூரம் வரை நிறம் மாறியிருப்பது தெரியும். ஃபைனலைஸ் செய்துவிட்டால் மேற்கொண்டு எதையும் சேர்க்க முடியாது. புது லேப்டாப்களில் டிவிடி டிரைவே இல்லாமல் போன பிறகும் "சிடி போட்டுக் குடுங்க" என்ற பேச்சு ஓயாததற்கு இது ஒரு காரணம். பழக்கம் இன்னொரு காரணம்.

வட்டு கோர்ட்டில் என்ன பாடுபடும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் ஜால்னா தொகுதி வழக்கு போதும். 2014 சட்டமன்றத் தேர்தலில் அர்ஜுன் பண்டிட்ராவ் கோட்கர் 296 வாக்கில் ஜெயித்தார். அவருடைய வேட்புமனு, கெடு நாளான செப்டம்பர் 27 பிற்பகல் 3 மணிக்குப் பிறகே தரப்பட்டது என்று தோற்ற கைலாஷ் கோரண்டியால் வழக்குப் போட்டார். தேர்தல் அதிகாரியின் அலுவலகத்துக்கு உள்ளேயும் வெளியேயும் கேமராக்கள் ஓடியிருந்தன. பதிவு விசிடியில் வந்தது. சாட்சியச் சட்டம் கேட்கும் 65பி சான்றிதழ் மட்டும் கேட்டுக் கேட்டும் வரவில்லை. 2020 ஜூலை 14-ல் உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொன்னது: பிரதி என்றால் சான்றிதழ் கட்டாயம். பதிவு இருக்கும் மூலக் கருவியையே உரியவர் கொண்டுவந்து சாட்சி சொன்னால் தேவையில்லை. முடிந்த வழியெல்லாம் முயன்றும் கிடைக்காத கோரண்டியாலுக்கு விலக்குக் கிடைத்தது. ஒரு பிற்பகலின் கடிகாரத்தைப் பற்றிய சண்டை ஆறாவது ஆண்டில்தான் முடிவுக்கு வந்தது.

2024 ஜூலை 1 முதல் 65பி-யின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு இருக்கிறது. சான்றிதழ் இப்போது இரண்டு பகுதி. ஒன்றில் பதிவைத் தருபவரும் மற்றதில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். இரண்டிலும் ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும். இது ஃபைலிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் ஒரு நீண்ட எண். ஃபைலில் ஒரு பிட் மாறினாலும் வேறு எண் வரும். எம்பி4 ஆக மாற்றினாலே ஹாஷ் மாறிவிடும்.

கடை வைத்திருப்பவர்கள் இன்றைக்கே டிவிஆரில் நேரம் சரியா என்று பாருங்கள். எத்தனை நாள் பதிவு நிற்கிறது என்று பழைய தேதியைத் தேடிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஏதாவது நடந்துவிட்டால் மூல வடிவில், பிளேயரோடு சேர்த்து எடுத்து, ஹாஷைக் குறித்துவைத்துவிட்டு, அப்புறம் சிடி போடுங்கள்.