சிவந்த ஹெல்லர்

போன மாசம் ஒரு வெள்ளிக்காசு வாங்கினேன் மக்களே. கட்டைவிரல் நகம் அளவு, எடை அரை கிராம் சொச்சம். படம் அனுப்பினதும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "ஏண்டா, செம்பு மாதிரியில்ல இருக்கு?"

சரியான கேள்வி. இந்தக் காசோட கதையே அதுதான்.

பேர் ஹெல்லர். உப்புக் காய்ச்சிப் பிழைத்த ஷ்வேபிஷ் ஹால் என்ற தெற்கு ஜெர்மன் ஊரில் 1200 வாக்கில் அடிக்க ஆரம்பித்தார்கள், ஊர்ப்பேர்தான் காசுக்கும். ஒரு பக்கம் விரித்த கை, மறுபக்கம் சிலுவை. தகட்டைத் துண்டாக நறுக்கி, ஓரத்தில் நாலு தட்டு தட்டி, ரெண்டு அச்சுக்கு நடுவில் வைத்து சுத்தியலால் ஒரு போடு. அவ்வளவுதான். அந்த நாலு தட்டின் தடம் என் காசில் இன்னமும் சதுரமாத் தெரியுது.

அன்றைக்குப் பல பிரபுக்களுக்கு ஒரு கெட்ட பழக்கம். திடீர்னு பழைய காசு செல்லாதுன்னு அறிவிப்பார்கள். சில இடங்களில் 12 பழசு கொடுத்தால் 9 புதுசு. மிச்சம் அவர்களுக்கு. ஹெல்லரை அப்படித் திரும்ப வாங்கவில்லை. அதனாலேயே சனங்க நம்பினாங்க, ஊர் ஊராப் பரவிச்சு.

ஆனா வேற வழியில் கை வைத்தார்கள். வெள்ளியைக் குறை, செம்பைக் கூட்டு! பக்கத்து ஊர்க்காரன் குறைத்தால் நாமும் குறைத்தாகணும். இல்லேன்னா நம்ம நல்ல காசை உருக்கி எவனாவது லாபம் பார்ப்பான். 1385ல் மன்னர் வென்ட்செலும் ஸ்வாபிய நகரங்களும் தரத்துக்கு ஒப்பந்தம் போட்டார்கள். அதுக்கப்புறமும் தரம் இறங்கிட்டேதான் இருந்தது.

செம்பு கலந்த காசைப் புளிப்புக் கரைசலில் போட்டால், மேலே இருக்கும் செம்பு கரைந்து வெள்ளி மட்டும் பளபளக்கும் (நம்ம வீட்டுப் பாத்திரத்துக்குப் புளி போடுற மாதிரி). நாலு கை மாறித் தேய்ந்ததும் சிவப்பு எட்டிப் பார்க்கும்.

அடி வாங்கினது யாரு? பெரிய வியாபாரி கையில் தங்க குல்டன் இருந்தது. கூலிக்காரன் வாங்கினதும், ரொட்டிக்குக் கொடுத்ததும் ஹெல்லர். எண்ணிக்கை அதே, உள்ளே வெள்ளிதான் கம்மி. எனக்கு இதில் அந்த செல்லாக்காசு அறிவிப்பே தேவலைன்னு தோணுது. கொள்ளைன்னு நேராவாவது தெரியும்.

நாம 'சல்லிக்காசு பெறாது'ன்னு சொல்ற இடத்தில் ஜெர்மன்காரங்க இன்னைக்கும் 'ஒரு சிவப்பு ஹெல்லர் பெறாது'ன்னுதான் சொல்றாங்க. பேருக்கும் ஆயுசு கெட்டி. செக் நாட்டில் 50 ஹாலர் காசு 2008 வரை புழங்கியது. ஜெர்மானியர் ஆண்ட கிழக்கு ஆப்பிரிக்காவில் 1904லிருந்து 1 ரூப்பிக்கு 100 ஹெல்லர். அந்த ரூப்பி நம்ம ரூபாயேதான்!

இதெல்லாம் அம்மாகிட்ட விளக்கினேன். பொறுமையாக் கேட்டுட்டு, "சரி, எவ்வளவு குடுத்து வாங்கினே?"ன்னாங்க.

இன்னும் சொல்லலை :-)