முப்பது நாளும் பதினோரு ஆண்டும்

கோவலன் வெட்டுண்ட பிறகே கண்ணகி வழக்காட வந்தாள். சிலம்பு உடைந்தது, மாணிக்கப் பரல் தெறித்தது, மன்னன் தன் பிழை உணர்ந்து மாண்டான். ஆனால் கோவலன் எழுந்து வந்தானா? காலம் கடந்து வந்த முறையீடு அது. தீர்ப்புக்கும் தண்டனைக்கும் இடையே சில நாட்கள் இருந்திருந்தால் மதுரை எரிந்திராது. ஊழ்வினை என்று கூறி நம் முன்னோர் ஆறுதல் தேடினர். ஊழ் அல்ல தோழர்களே, மேல்முறையீட்டுக்கு வழி இல்லாமற் போனதே காரணம்!

அந்த இடைவெளியைச் சட்டம் பின்னர் எழுத்தில் வடித்தது. எவ்வளவு தாராளமாக? வெள்ளையர் ஆட்சியின் 1908-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம், செஷன்ஸ் நீதிமன்றத்தில் தூக்குத் தண்டனை பெற்றவனுக்கு அளித்தது 7 நாள். ஏழே நாளில் எழுத்தறியாத ஏழை வழக்கறிஞரைத் தேட வேண்டும், பணம் புரட்ட வேண்டும். விடுதலை பெற்ற நாட்டின் 1963-ஆம் ஆண்டுச் சட்டம் அதை 30 நாளாக்கியது. பிற தண்டனைகளுக்கு எதிராக உயர் நீதிமன்றம் செல்ல 60 நாள் என்றது. தீர்ப்பின் நகல் பெறச் செலவான காலத்தைக் கழித்துக்கொள்ளவும் இடம் தந்தது. அதன் 5-ஆம் பிரிவோ, தக்க காரணம் காட்டினால் நாள் கடந்து வந்த முறையீட்டையும் ஏற்கலாம் என்றது.

தக்க காரணம்! அதை எடைபோடும் தராசு எவர் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

இராமானுசர் பிறந்த ஊர் என்று புகழ் பாடப்பட்ட திருப்பெரும்புதூர், 1991 மே 21-இல் இராசீவ் காந்தி கொல்லப்பட்ட ஊராக உலகின் கண்முன் நின்றது. வழக்கு தடாச் சட்டத்தின்கீழ் நடந்தது. பூவிருந்தவல்லியில் தனி நீதிமன்றம், மூடிய கதவுக்குள் விசாரணை. 1995-இல் தடாச் சட்டமே காலாவதியானது; வழக்கு மட்டும் ஆகவில்லை. 1998 சனவரி 28-இல் தீர்ப்பு வந்தது: குற்றவாளிக் கூண்டில் நின்ற 26 பேருக்கும் தூக்கு. ஒருவர் மீதியின்றி!

இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையில் கார் உற்பத்தி தொடங்கியதும் அதே 1998-இல்தான். ஒரே நெடுஞ்சாலையில் ஒருபுறம் புதிய வாழ்வின் ஓசை, மறுபுறம் தூக்குக் கயிற்றின் நிழல்.

சாதாரணக் கொலை வழக்கில் தூக்குத் தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்தாக வேண்டும். அதன்பின் உச்ச நீதிமன்றம் உண்டு. தடா அந்தப் படிக்கட்டை இடித்தது. அதன் 19-ஆம் பிரிவு நேரே டெல்லிக்குப் போ என்றது. 30 நாளுக்குள் போ என்றது. தவறினால் தக்க காரணம் சொல் என்றது. பூவிருந்தவல்லிக் கைதிக்கு டெல்லி எவ்வளவு தொலைவு! பழ. நெடுமாறன் தலைமையில் குழு அமைந்தது, மக்களிடம் நிதி திரட்டியது. மூத்த வழக்கறிஞர் என். நடராசன் வாதாடினார். 1999 மே 11-இல் உச்ச நீதிமன்றம் தடாக் குற்றச்சாட்டைத் தள்ளியது. 4 பேருக்கே தூக்கை உறுதி செய்தது, 3 பேருக்கு ஆயுள் என்றது, 19 பேரின் கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றி வெளியே அனுப்பியது. தடாக் குற்றமே இல்லை என்று முடிந்த வழக்கில், தடாவினால் பறிபோன உயர் நீதிமன்றப் படியை எவர் திருப்பித் தந்தார்? எவரும் தரவில்லை.

தூக்கு வழக்காவது உறுதிப்பாட்டுக்காகத் தானே மேலே செல்லும். இரண்டாண்டு, மூன்றாண்டு சிறை பெற்றவனை அப்படி எவரும் தூக்கிச் செல்வதில்லை. நாள் தவறினால் கதவு மூடிக்கொள்ளும். கிருட்டிண ஐயர் 1978-இல் விசாரித்த ஆஸ்கோட் வழக்கில், கைதி நான்கு ஆண்டுக்கு மேல் கழித்து வந்தான்; தீர்ப்பின் நகல் தன் கைக்கு வரவில்லை என்றான். அவன் வழக்கில் வெல்லவில்லை. ஆனால் நகலை உடனே கைதியிடம் தந்து எழுத்தில் ஒப்புகை பெற வேண்டும், வழியற்றவனுக்கு அரசு செலவில் வழக்கறிஞர் வேண்டும் என்ற விதி பிறந்தது. சிறையிலிருப்பவன் தன் மனுவைச் சிறை அதிகாரியிடமே கொடுக்கலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமும் சொல்கிறது. இதை அறிந்த கைதிகள் எத்தனை பேர்? நம் இளைஞர்கள் ஊர்தோறும் சொல்லித்தர வேண்டிய பாடம் இது, பஞ்சாங்கம் அல்ல.

அரசுக்கு நேரம் தவறினால்? 1987-இல் கத்திஜி வழக்கில் நிலமெடுப்பு அதிகாரி 4 நாள் தாமதமாக வந்தார். நுணுக்கத்தைவிட நீதி பெரிது என்று கூறி உச்ச நீதிமன்றம் அந்த 4 நாளைப் பொறுத்தது. நல்ல தீர்ப்பு, வரவேற்போம்! இன்னொரு கணக்கையும் பாருங்கள். முருகன், சாந்தன், பேரறிவாளன் ஆகியோர் 2000-இல் குடியரசுத் தலைவருக்கு விடுத்த கருணை மனுவுக்கு 2011 ஆகஸ்டில்தான் 'இல்லை' என்ற விடை வந்தது. கைதிக்கு 30 நாள். கோட்டைக்குப் பதினோரு ஆண்டு! அந்தத் தாமதத்தையே காரணமாக்கி 2014 பிப்ரவரி 18-இல் தூக்கு ஆயுளாயிற்று. பேரறிவாளன் 2022 மே 18-இலும், மற்ற அறுவர் அவ்வாண்டு நவம்பர் 11-இலும் விடுதலையாயினர்.

தடா போயிற்று, 2008-இல் தேசியப் புலனாய்வு முகமைச் சட்டம் வந்தது. 30 நாளுக்குள் மேல்முறையீடு. காரணம் சொன்னால் 90 நாள்வரை. அதன்பின் எந்த முறையீட்டையும் ஏற்கலாகாது என்று அதன் 21-ஆம் பிரிவில் எழுதினர். தக்க காரணம் இருந்தாலும் 91-ஆம் நாள் கதவு மூடியே கிடக்கும்! ஆம், மூடியதுதான் என்றது கேரள உயர் நீதிமன்றம். இல்லை, திறக்கலாம் என்றது டெல்லி உயர் நீதிமன்றம்.